தினமும் தண்ணி ஊத்தியும் தொட்டிச்செடி கருகுதா? தொட்டி மாற்ற நேரம் வந்தாச்சு!

மல்லாங்கிணறு:-

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி தாலுகாவில் உள்ள மல்லாங்கிணறு பேரூராட்சியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசல் திண்ணையிலோ மாடிப்படி ஓரத்திலோ நாலு எண்ணெய் டின் இருக்கும். டின்னுக்குள் ஒரு மல்லி, ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலைக் கன்று. இட வசதி உள்ள வீடாக இருந்தால் கூடவே எலுமிச்சை, மாதுளை, நந்தியாவட்டை. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் பிறந்த ஊர் என்பதால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரிந்த ஊர்தான் இது. ஆனால் ஊரின் மண்ணும் வெயிலும் செடி வைத்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

சித்திரை பிறந்து கத்தரி வெயில் தொடங்கியதும் இந்த டின் செடிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போடுகின்றன. "நான் காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி ஊத்துறேன், அப்புறமும் பட்டுப்போச்சே" என்பதுதான் தெருவுக்குத் தெரு கேட்கும் புலம்பல். 'கண்ணு பட்டுருச்சு' என்று எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போடுபவர்களும் உண்டு. உண்மையான காரணம் டின்னுக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

மல்லிச்செடி ஒன்று கருகினால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. பனிக்காலத்திலும் பண்டிகைக் காலத்திலும் மதுரை மார்க்கெட்டில் மல்லிகை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்பது வாடிக்கையாகி விட்டது. கோடையில் மட்டுமாவது வீட்டில் தலைக்கு ஒரு முழம் பூ கிடைப்பது இந்த டின் செடிகளால்தான். மூணு வருஷம் வளர்த்து முதல் பிஞ்சு விடும் நேரத்தில் பட்டுப்போகும் எலுமிச்சைக்கோ காசால் கணக்கு போடவே முடியாது.

டின்னுக்குள் நடப்பது என்ன?

விருதுநகர் எண்ணெய்க்குப் பெயர்போன ஊர். அதனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் 15 கிலோ எண்ணெய் டின்தான் ஏழைகளின் பூந்தொட்டி. டின் நல்லதுதான். ஆனால் அது கொள்ளும் மண் 16, 17 லிட்டருக்கு மேல் இல்லை. மல்லிக்கு ஒன்றரை இரண்டு வருஷம் அது போதும். எலுமிச்சைக்கு ஒரு வருஷத்திலேயே பற்றாது.

வேர் கீழே போய்த் தகரத்தில் முட்டும். முட்டியதும் வளைந்து சுவரை ஒட்டிச் சுற்றத் தொடங்கும். சுற்றிச் சுற்றி ஒரு கட்டத்தில் டின்னுக்குள் மண்ணை விட வேர்தான் அதிகம். அப்போது தண்ணி நிற்க மண்ணே இருக்காது. ஊற்றிய தண்ணி வேர்ப் பின்னலின் ஓரமாக இறங்கி அடி ஓட்டை வழியாக ஓடிப்போகும். நமக்குச் செடி குடித்து விட்டது போலத் தெரியும். செடிக்கோ தொண்டை நனைந்திருக்காது.

இதில் கரிசல் மண் சேர்ந்தால் சிக்கல் இரண்டு மடங்கு. காசு கொடுக்காமல் கிடைக்கும் மண் என்று கண்மாய்க் கரம்பையையும் கரிசலையும் அள்ளிப் போடுபவர்கள் அநேகம். காட்டில் பருத்திக்கும் சோளத்துக்கும் அது தங்க மண். தொட்டிக்கு அது எமன். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்குவது கரிசலின் குணம். கோடைக்காலத்தில் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே வெடிப்பு தொட்டிக்குள்ளும் விழும். மண் சுருங்கித் தகரச் சுவரை விட்டு ஒரு விரற்கடை விலகி நிற்கும். ஊற்றும் தண்ணி அந்தச் சந்து வழியாகவே வெளியே போய்விடும். மழைக்காலத்திலோ எதிர்மாறு. கரிசல் களிபோல் கட்டிக்கொண்டு காற்றே போகாது, வேர் அழுகும்.

நர்சரியில் வாங்கும் கன்றுகள் கறுப்பு பாலித்தீன் பையில் செம்மண் கட்டியோடு வரும். அந்தக் கட்டியை அப்படியே கரிசலுக்குள் புதைத்தால் இரண்டு மண்ணும் ஒட்டாது. சுற்றிலும் ஈரம் இருந்தும் நடுவில் செம்மண் கட்டி மட்டும் காய்ந்து கிடக்கும்.

இதை எழுதும் நிருபரின் வீட்டில் ஒரு எலுமிச்சை இப்படித்தான் போனது. அம்மா ஆசைப்பட்டு வாங்கி வைத்தது. "மண்ணுக்கு எதுக்குய்யா காசு" என்று சொல்லி, கண்மாய்க் கரம்பையைச் சாக்கில் கொண்டு வந்து கொட்டியது நிருபர்தான். மாசி மாசம் பச்சைப் பசேலென்று நின்ற செடி வைகாசியில் குச்சியானது. டின்னைக் கவிழ்த்துப் பார்த்தால், கன்று வந்த பாலித்தீன் பையின் வடிவம் மாறாமல் வேர்க்கட்டி அப்படியே வந்து விழுந்தது. பக்கத்து மண்ணுக்குள் ஒரு வேர் கூடப் போகவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த டின்னை மட்டும் ரொம்ப நாள் அங்கேயே வைத்திருந்தார்.

மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரியும்?

அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்ப்பது முதல் அடையாளம். காலையில் தண்ணி ஊற்றியும் மதியம் 12 மணிக்கே இலை துவண்டு போவது அடுத்தது. புது இலைகள் பழைய இலைகளை விடச் சிறுத்து வரும். மல்லியில் மொட்டு குறையும். மேல்மண் உயர்ந்து டின்னின் விளிம்பு வரை வந்துவிடும், தண்ணி நிற்க இடம் இருக்காது. லேசாகக் காற்றடித்தாலே செடி டின்னோடு சாய்வதும் ஒரு அறிகுறிதான். மண் குறைந்து வேரும் இலையும் மட்டும் மிஞ்சும்போது அடிக்கனம் போய்விடுகிறது.

இதில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் தொட்டி மாற்ற வேண்டியதுதான். உரம் போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இடமே இல்லாத வேருக்கு உரம் போட்டால் உப்பு ஏறி இன்னும் சீக்கிரம் கருகும்.

எப்போது மாற்றலாம்?

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாசமும் கையை வைக்கவே கூடாது. வெயில் 100 டிகிரியைத் தாண்டும் நாட்களில் வேரை அறுத்தால் செடி மீளாது. ஆடியிலும் யோசிக்க வேண்டும். ஆடிப்பட்டம் விதைப்புக்கு நல்லதுதான், ஆனால் தென் மாவட்டங்களில் அந்த மாசம் அடிக்கும் காற்று, புதிதாக மாற்றிய செடியை உலர்த்திவிடும். காற்று அடங்கிய பிறகு ஆவணி, புரட்டாசியில் மாற்றினால் அடுத்து வரும் ஐப்பசி அடைமழைக்குள் புது வேர் பிடித்து நிற்கும். தவறவிட்டவர்கள் தை பிறந்ததும் செய்யலாம்.

மல்லிக்கு மட்டும் கணக்கு வேறு. கார்த்திகைக் கடைசியில் இருந்து மார்கழிக்குள் கவாத்து செய்யும்போதே தொட்டியையும் மாற்றி விடுவது ஒரே வேலையாக முடியும். அதைப் பின்னால் பார்ப்போம்.

மண் கலவை

தொட்டிக்குச் செம்மண்தான் நல்லது. செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. ஒரு டின்னுக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. அவ்வளவுதான். கரையான் தொல்லை உள்ள வீடுகளில் வேப்பம்புண்ணாக்கை விட்டுவிட வேண்டாம்.

நார்க்கழிவைக் கட்டியாகக் கடையில் வாங்கினால், தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு மறுபடியும் ஊறவைத்துப் பிழிய வேண்டும். அதில் உப்பு இருக்கும். அலசாமல் போட்டு, 'கோகோபீட் ஒத்துக்கலை' என்று பழி சொல்வது வழக்கமாகி விட்டது. சாணி கறுத்து, நாற்றம் போய், பொலபொலவென்று ஆன பிறகுதான் போட வேண்டும். பச்சைச் சாணி சூடு கிளப்பும், வேர்ப்புழுவையும் கூட்டி வரும்.

செம்மண் கிடைக்கவே இல்லை, கரிசல்தான் என்றால் அதை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காமல் மீதிக்கு எருவும் நார்க்கழிவும் உடைத்த செங்கல் துண்டும் கலக்கலாம்.

தொட்டி மாற்றும் முறை

முதல் நாள் சாயங்காலம் செடிக்கு நன்றாகத் தண்ணி ஊற்ற வேண்டும். காய்ந்த வேர்க்கட்டி உடைந்து நொறுங்கும், ஈரமான கட்டி முழுசாக வரும். மறுநாள் வெயில் தாழ, 4 மணிக்கு மேல் வேலையைத் தொடங்கலாம்.

தொட்டியைப் படுக்க வைத்து, பக்கங்களைக் கையால் தட்டி, மெதுவாகச் செடியை வெளியே இழுக்க வேண்டும். தண்டைப் பிடித்துத் தொங்கவிட்டு இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வராவிட்டால் பழைய கத்தியை ஓரமாக விட்டு ஒரு சுற்று சுற்றலாம். துருப்பிடித்த எண்ணெய் டின் என்றால் தகரம் வெட்டும் கத்தரியால் டின்னையே பிளந்து விடுவது நல்லது. டின் போனால் 20, 30 ரூபாய். கையைக் கிழித்துக்கொள்ளாமல் சாக்குத் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த கட்டியைப் பார்த்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். அடியில் வேர் வளையம் வளையமாகக் கயிறு போல் சுருண்டிருக்கும். அப்படியே பெரிய தொட்டியில் இறக்கினால் அந்த வேர் அங்கேயும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், புது மண்ணுக்குள் போகாது. அதனால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, அடியில் ஒரு அங்குலம், சுற்றிலும் ஒரு விரல் கனம் கூரான கத்தியால் சீவி எடுத்துவிட வேண்டும். கறுத்து, கொழகொழவென்று நாறும் வேர் இருந்தால் அது அழுகல், முழுசாக வெட்டுங்கள். வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருப்பது நல்ல வேர்.

வேரை எவ்வளவு குறைத்தோமோ, ஏறக்குறைய அந்த அளவுக்குக் கிளையையும் குறைக்க வேண்டும். குறைந்த வேரால் பழைய இலை அத்தனைக்கும் தண்ணி கொடுக்க முடியாது. "அய்யோ, இவ்வளவு வெட்டினா செத்துப்போகுமே" என்று பயந்து கிளையை விட்டுவைப்பவர்களின் செடிதான் பெரும்பாலும் சாகிறது.

புதுத் தொட்டி பழையதை விட இரண்டிலிருந்து நாலு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். ஒரேயடியாகப் பெரிய டிரம்மில் சின்னக் கன்றை வைக்கக் கூடாது. வேர் போகாத இடத்து மண் ஈரம் காயாமல் புளித்துப் போகும், அழுகல் நோய் அங்கிருந்துதான் தொடங்கும்.

அடி ஓட்டை மேல் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், மண் ஓடாமல் இருக்கும். சிலர் அடியில் நாலு அங்குலத்துக்கு ஜல்லி கொட்டுவார்கள். தண்ணி நல்லா வடியும் என்று நினைப்பு. ஆனால் மண்ணுக்குக் கீழே ஜல்லி இருந்தால், மண் நிரம்பி வழியும் வரை தண்ணி ஜல்லிக்குள் இறங்காது. ஈரம் தேங்கும் மட்டம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வேருக்கான இடமும் போச்சு. ஓட்டை சரியாக இருந்தால் ஜல்லி தேவையே இல்லை. எண்ணெய் டின்னுக்கு அடியில் அஞ்சாறு, பக்கவாட்டில் அடியை ஒட்டி ஒன்றிரண்டு ஓட்டை போதும்.

செடி பழைய தொட்டியில் எந்த மட்டத்தில் மண்ணுக்குள் இருந்ததோ அதே மட்டம்தான் இங்கேயும். தண்டை ஆழப் புதைத்தால் பட்டை அழுகும். ஒட்டு ரோஜா, ஒட்டு மாதுளை என்றால் ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மேலே இரண்டு அங்குலம் காலி விட்டு மண்ணை நிரப்பி, கைவிரலால் லேசாக அமுக்கி, அடியில் வடியும் வரை தண்ணி ஊற்றிவிட்டு நிழலுக்குக் கொண்டு போய்விடுங்கள். ஒரு வாரம் பத்து நாள் நிழல். பிறகு காலை வெயில். ஒரு மாசத்துக்கு எந்த உரமும் வேண்டாம்.

சீமையில் 250 வருஷத் தொட்டிச்செடி

தொட்டியில் மரம் எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்பவர்களுக்கு லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் ஒரு பதில் நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் இருந்து பிரான்சிஸ் மேசன் என்பவர் கொண்டு வந்த சைகாட் வகைச் செடி ஒன்று 1775-ல் அங்கே வந்து சேர்ந்தது. உலகின் மிகப் பழைய தொட்டிச்செடி என்று பெயர் வாங்கிய அது, ஒரு டன்னுக்கு மேல் கனம். 2009-ல் ஒரு படையே சேர்ந்து அதைத் தூக்கி, புதிதாகச் செய்த மரப்பெட்டிக்கு மாற்றியது.

அமெரிக்காவில் வாஷிங்டன் தேசிய மரப்பண்ணையில் உள்ள யமாகி பைன் என்ற போன்சாய் மரம் இன்னும் பெரிய அதிசயம். 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சில கிலோமீட்டர் தூரத்தில் ஒரு நர்சரியில் இருந்து தப்பித்தது. 1976-ல் ஜப்பானியர்கள் அதை அமெரிக்காவுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். வயசு 390-க்கு மேல். சின்னத் தட்டில் இத்தனை காலம் உயிரோடு இருக்கக் காரணம், குறிப்பிட்ட இடைவெளியில் வேரைச் சீவிப் புது மண்ணில் வைத்துக்கொண்டே இருப்பதுதான். நம்ம ஊர் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் இதே வித்தை செல்லும். தொட்டி பெரிசாக்க இடம் இல்லை என்றால், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வேரைச் சீவி அதே தொட்டியில் புது மண்ணோடு திரும்ப வைக்கலாம்.

கெமிக்கல் டிரம் ஜாக்கிரதை!

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் காலி பிளாஸ்டிக் டிரம் மலிவாகக் கிடைக்கும். பழைய இரும்புக் கடைகளில் பாதியாக வெட்டி வைத்திருப்பார்கள். மரம் வைக்க நல்ல அளவு. ஆனால் அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் வாங்குவது ஆபத்து.

பட்டாசுத் தொழிலில் வெடியுப்பு, கந்தகம், அலுமினிய பவுடர் எல்லாம் புழங்குகிறது. பேரியம் உப்பைப் பட்டாசில் பயன்படுத்த சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தடை விதித்தது. தண்ணீரில் கரையும் பேரியம் உப்பு விஷம். அந்தப் பொருள் இருந்த பழைய டிரம்மில் கறிவேப்பிலையோ கீரையோ வைத்துச் சாப்பிடுவதை நினைத்துப் பாருங்கள். "வெடியுப்பு உரம்தானே, செடி நல்லா வரும்" என்று ஒரு பேச்சு உண்டு. பொட்டாசியம் நைட்ரேட் உரம் என்பது உண்மைதான். ஆனால் டிரம் மூலையில் ஒட்டியிருப்பது அது மட்டும்தான் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

இதை விட மோசமானது ஓட்டை போடும் விதம். கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி டிரம்மில் குத்துவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. உள்ளே மருந்துத் தூள் ஒட்டியிருந்தால் அந்தச் சூடும், கிரைண்டர் மிஷினில் வெட்டும்போது பறக்கும் பொறியும் என்ன செய்யும் என்று இந்த வட்டாரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் இருந்தோ கெமிக்கல் குடோனில் இருந்தோ வந்த டிரம் செடிக்கு வேண்டவே வேண்டாம். எண்ணெய் டின், சிமெண்ட் தொட்டி, மண் தொட்டி இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

மண் தொட்டிக்குப் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை பெயர் பெற்றது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மண் தொட்டி வேர்க்கு இதம், ஆனால் சுவர் வழியாக ஈரம் கசிவதால் கோடையில் சீக்கிரம் காயும். தகரமும் கறுப்பு பிளாஸ்டிக்கும் ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் வெயிலில் கொதிக்கும். கோடையில் அவற்றைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி வைத்தால் தளத்தின் சூடு ஏறாது.

மாடியில் வைப்பவர்கள் கனத்தையும் பார்க்க வேண்டும். ஒரு எண்ணெய் டின் ஈர மண்ணோடு 25 கிலோவைத் தாண்டும். 50 லிட்டர் டிரம் 75, 80 கிலோ வரும். பழைய மட்டப்பா வீடுகளில் நடுத்தளத்தில் வரிசையாக அடுக்காமல், சுவருக்கு மேலாக, ஓரத்தில் வைப்பதுதான் பாதுகாப்பு.

தண்ணியிலும் விஷயம் இருக்கு

தினம் இரண்டு வேளை என்று மணி பார்த்து ஊற்றக் கூடாது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் வேண்டாம். காய்ந்திருந்தால் அடியில் வடியும் வரை ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதால் மேல்மண் மட்டும் நனைந்து, வேரும் மேலேயே வந்து வெயிலில் வேகும். அதிகாலையில் ஆலை வேனுக்குக் கிளம்பும் வீடுகளில் சாயங்காலம் திரும்பிய பிறகு ஒருமுறை நிறைய ஊற்றினால் போதும். மட்ட மத்தியானம் டேங்க் குழாயில் வரும் கொதிக்கும் தண்ணியை மட்டும் பிடித்து ஊற்றிவிட வேண்டாம்.

முழுசாகக் காய்ந்து சுருங்கிய தொட்டிக்கு மேலிருந்து ஊற்றிப் பயனில்லை. பெரிய அண்டாவிலோ வாளியிலோ தண்ணி நிரப்பி, தொட்டியை அப்படியே இறக்கி வையுங்கள். குமிழி வருவது நிற்கும் வரை அரை மணி நேரம் விட்டால் மண் உள்வரை நனையும்.

இந்தப் பக்கத்தில் பல போர்களின் தண்ணி உப்புதான். தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்தில் மழை அதைக் கழுவிக்கொண்டு போகும், தொட்டியில் அப்படியே சேரும். இலை நுனி பழுப்பாகக் கருகுவது அதனால்தான். மாசம் ஒருமுறை குடிநீர் அல்லது மழைத்தண்ணியைத் தொட்டி கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு ஊற்றி உப்பை வெளியேற்ற வேண்டும். குடிக்கவே குடம் கணக்கில் தண்ணி பிடிக்கும் வீட்டில் இது எப்படி என்று கேட்கலாம். மழைநீர் சேகரிப்பு 2003-ல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழாயை ஒரு டிரம்முக்குத் திருப்பி, கொசு புகாமல் மூடி வைத்தால் செடிக்கு அதுதான் அமிர்தம். ஏ.சி.யில் சொட்டும் தண்ணியும் நல்லது. ஆர்.ஓ. மிஷினில் கழிவாக வரும் தண்ணி மட்டும் வேண்டாம், அது முன்பை விட உப்பு கூடிய தண்ணி.

கொசு என்றதும் இன்னொன்று. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணி தேங்கினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். தட்டே வேண்டாம், வேண்டும் என்றால் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் வந்து எட்டிப் பார்க்கும் முதல் இடமே பூந்தொட்டித் தட்டுதான்.

மல்லிக்கு வெட்டு, காகிதப்பூவுக்குப் பட்டினி

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருதுநகர் மாவட்டக் காடுகளிலும் விளையும் பூதான் அது. தோட்டத்தில் நவம்பர் கடைசியில் இருந்து தரையில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்வார்கள். தொட்டியில் முக்கால் அடி, ஒரு அடி விட்டு வெட்டினால் சரியாக இருக்கும். மல்லி மொட்டு புதுத் துளிரில்தான் வரும். வெட்டாமல் வளரவிட்ட கொடியில் இலைதான் மிஞ்சும். மார்கழியில் மொட்டையடித்து, புது மண்ணில் வைத்து, நல்ல வெயிலில் விட்டால் பங்குனியில் இருந்து மணக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் படாத இடத்தில் மல்லி பூக்கவே பூக்காது.

மல்லியிலும் எலுமிச்சையிலும் நரம்பு பச்சையாக இருக்க, இலை மட்டும் மஞ்சளாகிறதா? சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணிலும் தண்ணியிலும் செடிக்கு இரும்புச் சத்து எட்டாது. அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் இலை நனையத் தெளிக்கலாம். பச்சை திரும்பும் வரை மாசம் ஒருமுறை போதும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடும் பழக்கம் இப்போது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. சுண்ணாம்பு ஏற்கனவே கூடிக் கிடக்கும் நம்ம மண்ணுக்கு அது எதற்கு என்று தெரியவில்லை.

காகிதப்பூ நேர்மாறான பிறவி. அதற்கு இறுக்கமான தொட்டிதான் பிடிக்கும். அடிக்கடி மாற்றி, தண்ணியும் எருவும் கொடுத்தால் இலையாகவே வளரும். இலை லேசாகத் தொங்கும் வரை தண்ணியை நிறுத்தி வைத்தால் பூத்துத் தள்ளும். அடீனியம் என்கிற பாலைவன ரோஜாவை மாற்றினால், வெட்டிய வேர்க் காயம் ஆற இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணி காட்டாமல் விட வேண்டும். மேலே சொன்னபடி உடனே தண்ணி ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும்.

ரோஜாவில் ஒட்டு முடிச்சுக்குக் கீழே இருந்து வெடித்து வரும் கிளை காட்டு ரோஜா. கண்டதும் கிள்ளிவிடுங்கள். செம்பருத்தியில் பஞ்சு போல ஒட்டும் மாவுப்பூச்சிக்கு முதலில் தண்ணியைப் பீய்ச்சிக் கழுவி, பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். கறிவேப்பிலையைப் பூக்கவிடாமல் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கக் கிளை வரும். மாதுளை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம்ம வெயிலைத் தாங்கும் சாதி அது.

உரம் என்று பார்த்தால் எண்ணெய் செக்குக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. கடலைப்புண்ணாக்கை மூணு நாள் ஊறவைத்து, தெளிந்த தண்ணியைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, இருபது நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

யாரிடம் கேட்கலாம்?

அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. மண், தண்ணி பற்றிச் சந்தேகம் இருந்தால் அங்கே நேரில் போய் விசாரிக்கலாம். வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கு மானியத்தில் மாடித்தோட்டத் தளைகள் கொடுக்கும் திட்டம் 2013-ல் சென்னையிலும் கோவையிலும்தான் முதலில் அறிவிக்கப்பட்டது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. அந்தந்த ஆண்டு என்ன கிடைக்கிறது என்பதைக் காரியாபட்டி தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

நிருபர் வீட்டில் அடுத்த ஆவணியில் இரண்டாவது எலுமிச்சை வந்தது. இந்த முறை பையைக் கிழித்து, வேரைச் சீவி, செம்மண் கலவையில் வைத்தது அம்மாதான். இரண்டு வருஷம் கழித்து 18 அங்குல சிமெண்ட் தொட்டிக்கு மாறிய செடி, போன மாசம் முதல் தடவையாகப் பூ எடுத்தது. பதினேழு பூவில் பதினாலு உதிர்ந்து, மூணு பிஞ்சு நிற்கிறது. மூணையும் யாரும் தொடக் கூடாது என்பது வீட்டு உத்தரவு.